ஜெர்மனிக்கு ஆய்வாளராக வருகிறீர்களா? அந்த ஒரு தாளை முதலில் பிடியுங்கள்

மதுரையிலிருந்து 18 மாதத்துக்கு விசிட்டிங் ஸ்காலராக ஜெர்மனிக்கு வந்தேன். ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கியது மூன்றாம் நாள். முதல் சம்பளம் கைக்கு வந்தது எழுபதாம் நாள். நடுவில் இருந்த இரண்டு மாதமும் ஒரே ஒரு தாளுக்காக அலைந்ததில் போனது.

அந்தத் தாளுக்கு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங் என்று பெயர். வாயில் நுழையாது, பரவாயில்லை. ‘இவர் இந்தத் தேதியிலிருந்து என் வீட்டில் குடியிருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஒற்றைப் பக்கம், அவ்வளவுதான். அது இருந்தால்தான் நகராட்சியில் முகவரியைப் பதியலாம். முகவரி பதிந்தால்தான் வரி எண் வரும், வங்கிக் கணக்கு சுலபமாகும், குடியிருப்பு அனுமதிக்குப் போகலாம். நான் அவசரத்தில் ஒரு குறுகிய கால அறையில் தங்கினேன். ‘பதிவு எல்லாம் இங்கே கிடையாது’ என்று அந்த வீட்டுக்காரர் சொன்னபோது அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

3 மாதத்துக்கு மேல் தங்க வருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொகைகள் யூரோவில் இருக்கும்; 1 யூரோவைச் சுமார் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. அழைப்புக் கடிதத்தைச் சரியாகப் படியுங்கள்

அதில் இருப்பது வேலை ஒப்பந்தமா, உதவித்தொகையா? இது தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

வேலை ஒப்பந்தம் என்றால் சம்பளத்தில் வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடிப்பார்கள். தனி ஆளாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். உதவித்தொகை என்றால் பெரும்பாலும் பிடித்தம் இல்லை, ஆனால் காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். என் நண்பர் ஒருவர் தன் உதவித்தொகையை இன்னொருவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டு ஒரு வாரம் வருத்தப்பட்டார். பிடித்தம் போக இருவருக்கும் கையில் நிற்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

அடுத்து, உங்கள் பேராசிரியரிடம் அவுஃப்னாமெஃபெராய்ன்பாருங் என்ற வரவேற்பு ஒப்பந்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ தரும் ஆவணம் அது. அதை வைத்து ஆய்வாளர் பிரிவில் விசா வாங்கினால், கூட வரும் கணவனோ மனைவியோ விசாவுக்காக ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டியதில்லை. இங்கே வந்ததும் வேலைக்கும் போகலாம். கேட்டால்தான் தருவார்கள், கேட்காவிட்டால் பல துறைகளுக்கு நினைவே வராது.

2. ஊரிலேயே முடிக்க வேண்டிய தாள்கள்

முதலில் பெயர். நம் ஆட்கள் பலரின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். ஜெர்மன் படிவம் எதிலும் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே முடியாது. என் பெயரைப் பல்கலைக்கழகம் ஒரு மாதிரி எழுதியது, வங்கி அப்பா பெயரை முன்னால் போட்டது, காப்பீட்டுக்காரர்கள் இனிஷியலையே குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். மூன்று அலுவலகத்தில் மூன்று ஆளாக இருந்தேன். நேரம் இருந்தால் ஊரிலேயே பாஸ்போர்ட்டில் சர்நேமை ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் எது முன்பெயர், எது குடும்பப் பெயர் என்று இன்றே முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள்.

திருமணமானவர்கள் பதிவுத்துறை தரும் சான்றிதழை எடுத்து வையுங்கள். கோயிலிலோ மண்டபத்திலோ கொடுத்த சீட்டு செல்லாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்பே வாங்கிய சான்றிதழ்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். நம் சான்றிதழ்களில் தமிழோடு ஆங்கிலமும் இருப்பதால் சில அலுவலகங்கள் அப்படியே வாங்கிக்கொள்ளும். சில அலுவலகங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்கும். அதை இங்கே வந்த பிறகு, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்வது நல்லது. ஊரில் செய்ததை இங்கே ஏற்காமல் இரண்டாம் முறை காசு கொடுத்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. ‘வெளிநாடு என்றால் அப்போஸ்டில் முத்திரை வேண்டும்’ என்று ஏஜென்ட்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுவார்கள். ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அரசு முத்திரை அது. ஆனால் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரு நாடுகளுக்கிடையே அந்த முத்திரை செல்லாது. தூதரகம் கேட்கும் ஆவணப் பட்டியலில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள்.

நீண்ட காலத் தேசிய விசாவுக்குக் கட்டணம் 75 யூரோ, 18 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பாதி. அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. வேலை தொடங்கும் தேதிக்கு 3 மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். விசா வந்ததும் ஸ்டிக்கரை உற்றுப் பாருங்கள்: தேதி, பெயர், நிறுவனத்தின் பெயர். பிழை இருந்தால் சென்னையிலேயே திருத்துவதுதான் சுலபம்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டு வரக் கூடாது. அம்மா ஊற்றிக் கொடுக்கும் நெய், பால்கோவா எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது; பொடியாக்கிக் கொண்டு வாருங்கள். இன்டக்‌ஷன் அடுப்பு உள்ள வீடுகள் அதிகம், அதனால் அலுமினிய குக்கரைத் தூக்கி வராதீர்கள், அடியில் இரும்பு உள்ள ஸ்டீல் குக்கராகப் பாருங்கள்.

3. வீடு

பல்கலைக்கழக விருந்தினர் இல்லத்தில் இடம் கேட்டு, அழைப்புக் கடிதம் வந்த அன்றே எழுதுங்கள். கொஞ்சம் வாடகை கூடினாலும் முதல் 3 மாதத்துக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. பதிவுத் தாளைக் கேட்காமலே கொடுத்துவிடுவார்கள், கட்டிலும் சட்டியும் இருக்கும். பல பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கென்று வெல்கம் சென்டர் உண்டு. அவர்களுக்கு மின்னஞ்சல் போடக் கூச்சப்படாதீர்கள், அதற்காகவே சம்பளம் வாங்குகிறார்கள்.

வெளியே தேடுவதானால் சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். கால்ட்மீட்டெ என்றால் வெறும் வாடகை. வார்ம்மீட்டெ என்றால் அதோடு தண்ணீர், ஹீட்டர், குப்பை எல்லாம் சேர்ந்தது. மின்சாரமும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் இரண்டிலும் சேராது. வார்ம்மீட்டெயில் நீங்கள் மாதாமாதம் கொடுப்பது ஒரு தோராயக் கணக்குதான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து, ஹீட்டரை அதிகம் ஓட்டியிருந்தால் மிச்சத்தைக் கேட்பார்கள். மதுரை வெயிலில் வளர்ந்தவர்கள் இதற்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கி வைக்கவும்.

‘ஃபர்னிச்சர் இல்லாத வீடு’ என்றால் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. அடுப்பு, சிங்க் இருக்காது. கூரையில் பல்பு மாட்டும் இடத்தில் இரண்டு வயர் தொங்கும். இரண்டு ஆண்டுக்குள் கிளம்பப் போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முன்பணத்துக்கு கௌட்சியோன் என்று பெயர். சட்டப்படி 3 மாத கால்ட்மீட்டெக்கு மேல் கேட்க முடியாது. அதையும் 3 தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வாடகைப் பேச்சு முடிந்து கையெழுத்துப் போடும் முன் நேராகக் கேளுங்கள்: ‘பதிவுத் தாள் தருவீர்களா?’ மழுப்பினால் வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

‘நான் இப்போது வேறு நாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று யாராவது எழுதினால் அது மோசடி. பாஸ்போர்ட் நகல் அனுப்பி நம்ப வைப்பார்கள். அது இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட்டாக இருக்கும். வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்த ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது.

ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி போட்டிருந்தால் நடுவில் காலி செய்வது கஷ்டம். தேதி போடாததாக இருந்தால் 3 மாத நோட்டீஸ் கொடுத்துக் கிளம்பலாம். சாவி வாங்கும் அன்று வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கீறல், கறை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், மீட்டர் அளவையும் சேர்த்து. கிளம்பும்போது முன்பணத்தைக் காப்பது அந்தப் போட்டோக்கள்தான்.

4. முகவரிப் பதிவு: குடியேறிய 14 நாளுக்குள்

இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பெரிய ஊர்களில் அப்பாயின்ட்மென்ட்டே அதற்குள் கிடைக்காது. தேதி எடுத்து வைத்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் யாராவது ரத்து செய்த தேதிகள் இணையத்தில் வரும். எனக்குக் கிடைத்தது அப்படித்தான், காலை 7.50க்குப் பல் தேய்த்துக்கொண்டே. ஊரில் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் பதியலாம், உங்கள் பேட்டைக் கிளைக்கே காத்திருக்க வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட் (குடும்பத்தில் எல்லோருடையதும்), விசா, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அதைக் காட்டி நான் வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். நம் ஊர்ப் பழக்கத்தில் யோசிக்காமல் நிரப்பிவிடுவோம். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று எழுதினால் சம்பளத்திலிருந்து தேவாலய வரி பிடிக்கத் தொடங்குவார்கள். வருமான வரித் தொகையில் பெரும்பாலான மாநிலங்களில் 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத்திலிருந்து வந்த என் சக ஆய்வாளருக்கு முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் இது தெரிந்தது. கட்டுவதும் கட்டாததும் அவரவர் விருப்பம், ஆனால் தெரிந்து எழுதுங்கள்.

5. தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்

இதற்கு ஒரு தனித் தலைப்பு தேவையா என்று நினைப்பீர்கள். தேவை. இந்த நாட்டில் முக்கியமான எதுவும் தபாலில்தான் வரும்: வரி எண், வங்கி அட்டை, அட்டையின் ரகசிய எண் (அது தனி உறையில், வேறொரு நாளில்), காப்பீட்டு அட்டை. முகவரியில் அபார்ட்மென்ட் எண் கிடையாது. தபால்காரர் பார்ப்பது பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருக்கும் பெயரை மட்டும்தான். பெயர் இல்லையா, கடிதம் திரும்பிப் போய்விடும்.

என் வங்கி அட்டை இரண்டு முறை திரும்பிப் போனது. மூன்றாம் முறை பக்கத்து வீட்டு அம்மா என்னைக் கீழே அழைத்துப் போய், ஒன்பது பெட்டிகளில் எட்டில் பெயர் இருப்பதையும் என்னுடையதில் பழைய ஆளின் பெயர் பாதி கிழிந்து நிற்பதையும் காட்டினார். அவரே ஒரு துண்டுத் தாளும் டேப்பும் கொடுத்தார். நான் என் பெயரை எழுதி ஒட்டினேன். பிறகுதான் உறைத்தது, வங்கி எழுதுவது அப்பா பெயருக்கு. அதையும் கீழே எழுதினேன், இனிஷியலோடு வரும் இன்னொரு வடிவத்தையும். பெட்டியைப் பார்த்தால் மூன்று பேர் குடியிருப்பது போல இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கடிதமும் திரும்பவில்லை.

6. வரி எண், வங்கி, காப்பீடு

முகவரி பதிந்த சில வாரத்தில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அதைப் பல்கலைக்கழகச் சம்பளப் பிரிவுக்கு உடனே கொடுங்கள். எண் இல்லையென்றால் அதிக வரி பிடிக்கப்படலாம். பிற்பாடு திரும்ப வரும், ஆனால் கையில் காசு இல்லாத மாதத்தில் அது உதவாது. முதல் சம்பளம் தள்ளிப்போகிறது என்று தெரிந்தால் சம்பளப் பிரிவிடம் அப்ஷ்லாக் கேளுங்கள். அது முன்பணம், சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள். அந்தச் சொல் எனக்கு எண்பதாம் நாள்தான் தெரிய வந்தது.

வங்கிக் கணக்குக்கு வீடியோ அழைப்பில் அடையாளம் பார்க்கும் முறை சில வங்கிகளில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஒத்துவராது. போஸ்ட்-ஐடென்ட் என்ற முறையைக் கேளுங்கள், தபால் நிலையத்தில் நேரில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். எந்த வங்கியும் ‘முடியாது’ என்றால் பாசிஸ்கோன்டோ என்று சொல்லுங்கள். சட்டப்படி இங்கே குடியிருப்பவர் எவருக்கும் அடிப்படைக் கணக்குத் தர வேண்டும்.

காப்பீடு: வேலை ஒப்பந்தத்தில் வருபவர்கள் அரசுசார் காப்பீட்டில் சேரும்போது, வருமானம் இல்லாத கணவன் அல்லது மனைவியையும் குழந்தைகளையும் தனிக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். குடும்பத்தோடு வருபவர்களுக்கு இதுவே பெரிய சேமிப்பு. உதவித்தொகைக்காரர்களுக்குப் பெரும்பாலும் தனியார் காப்பீடுதான். டிஏஏடி (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) உதவித்தொகை என்றால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். மற்றவர்கள் விசாவுக்கு வாங்கிய பயணக் காப்பீட்டையே நீட்டிக்கொண்டு காலம் தள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், குடியிருப்பு அனுமதி தரும் அலுவலகம் அதைப் பெரும்பாலும் ஏற்காது.

7. குடியிருப்பு அனுமதி

உங்கள் விசா எப்போது முடிகிறது என்று பாருங்கள். வேலைக்காலம் முழுவதும் விசாவிலேயே இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் அது முடியும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்தாக வேண்டும். ‘முன்’ என்பதுதான் இங்கே உயிர். அப்பாயின்ட்மென்ட் பிறகு வரலாம், விண்ணப்பம் முன்பே போயிருக்க வேண்டும். 8 முதல் 10 வாரம் முன்பே போட்டுவிடுங்கள். முதல் அனுமதி அட்டைக்கு வழக்கமான கட்டணம் 100 யூரோ. 2025 மே முதல் தாள் போட்டோ வாங்குவதில்லை. அலுவலகக் கருவியிலேயே 6 யூரோவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அட்டை வரும் முன் விசா முடிந்துவிட்டால் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு மடிப்புத் தாள் தருவார்கள், 13 யூரோ. அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். முதல் கட்டத்தில் குறி போட்டிருந்தால் வெளியே போன பிறகு அந்தத் தாளை வைத்து உள்ளே வர முடியாது. தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போடும் முன் அதைத் திறந்து பாருங்கள்.

8. கேட்காமலே வரும் பில்கள்

பதிவு செய்த சில வாரத்தில் ருண்ட்ஃபுங்க்பைட்ராக் கேட்டு ஒரு கடிதம் வரும். வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணம். வீட்டில் டிவி இல்லை என்றாலும் கட்ட வேண்டும். மாதம் 18.36, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 யூரோ. மோசடிக் கடிதம் என்று நினைத்துக் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. அபராதத்தோடு திரும்பி வரும். கட்டணம் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. பகிர்ந்து தங்கியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கணக்கு எண்ணை எழுதி அனுப்பிவிடுங்கள்.

டாய்ச்லாண்ட்டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ. நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், உள்ளூர் ரயில் எல்லாவற்றிலும் போகலாம், ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. இது சந்தா. ஒரு மாதக் கடைசியில் நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். பல்கலைக்கழக ஊழியர்களுக்குச் சலுகை விலை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

ஹாஃப்ட்ஃப்லிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீட்டை மட்டும் யாரும் கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள். அடுத்தவர் பொருளுக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கானது. தொலைந்த சாவிக்கும் ஈடு உண்டா என்று பார்த்து எடுங்கள். ஒரே பூட்டு வரிசை உள்ள கட்டடத்தில் ஒரு சாவி போனால் எல்லாப் பூட்டையும் மாற்றி உங்களிடம் பில் நீட்டலாம்.

ஆக, முதல் மாதத்துக்குக் கையில் எவ்வளவு? வார்ம்மீட்டெ 700, கால்ட்மீட்டெ 550 என்று வைத்தால் வாடகையும் முழு முன்பணமும் சேர்ந்து 2,350. சாப்பாடு, பயணம், அனுமதிக் கட்டணம், ஒரு குளிர்ச் சட்டை எல்லாம் சேர்த்தால் 3,000ஐத் தொடும். மியூனிக் போன்ற ஊர் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்குக் குறைவாகக் கொண்டு வந்தால் என்னைப் போல மூன்று வாரம் ரொட்டியும் தயிரும்தான்.

9. கிளம்பும்போது

வீட்டுக்கு நோட்டீஸைக் கையெழுத்துப் போட்ட தாளில், 3 மாதம் முன்பே கொடுங்கள், மின்னஞ்சல் செல்லாது. முகவரிப் பதிவை நீக்குவதற்கு அப்மெல்டுங் என்று பெயர். வீட்டை விடுவதற்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, விட்ட 2 வாரம் வரை செய்யலாம். அதன் சான்றிதழ் இல்லாமல் டிவி கட்டணம் நிற்காது, சில சந்தாக்களையும் பாதியில் முறிக்க முடியாது. விமானத்துக்கு முந்தைய நாள் என்று வைக்காமல் அந்த ஒரு வாரத்தின் முதல் நாளே போய்விடுங்கள்.

வங்கிக் கணக்கை மட்டும் மூடாதீர்கள். முன்பணம் திரும்பி வர 3 முதல் 6 மாதம் ஆகலாம், ஆண்டுக் கணக்கு முடியட்டும் என்று ஒரு பகுதியை வீட்டுக்காரர் நிறுத்தியும் வைக்கலாம். எனக்குக் கடைசி 180 யூரோ வந்தபோது ஊருக்குத் திரும்பி ஐந்து மாதம் ஆகியிருந்தது.